திரையில் 11 நிமிடம், உண்மையில் 36: ஓர் இரத்த மாதிரிப் பிரிவின் வரிசை

பின்னணி

நடுத்தர அளவுள்ள ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளிகளுக்கான இரத்த மாதிரிப் பிரிவில் நடந்தது இது. காலை 7 மணி முதல் 11 மணி வரை அங்கே இரத்தம் எடுப்பார்கள். வாசலை ஒட்டி ஒரு பதிவு மேசை, அதில் ஒரு எழுத்தர். மருத்துவர் எழுதிய பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, விவரங்களைக் கணினியில் ஏற்றி, டோக்கன் அச்சடித்துத் தருவார். உள்ளே மூன்று நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு டெக்னீஷியன். டோக்கனில் அ, ஆ, இ என்று நாற்காலியின் எழுத்தும் அச்சாகியிருக்கும். உங்கள் நாற்காலி காலியானதும் எண் திரையில் வரும்.

புகார்கள் பல மாதங்களாகவே இருந்தன. "ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது" என்பதுதான் பெரும்பாலும். நிர்வாகத்துக்கு இது புரியவில்லை. மேலாளர் அறையில் இருந்த திரை, சராசரிக் காத்திருப்பு 11 நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தது. மக்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்ற முடிவுக்கு அவர்கள் ஏறக்குறைய வந்துவிட்டார்கள். ஆனாலும் புகார் நிற்க வேண்டுமே என்று நான்காவது நாற்காலி போட்டு, இன்னொரு டெக்னீஷியனை எடுக்கலாம் என்று ஒரு முன்மொழிவு தயாராகியிருந்தது. அதில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள் என்று என்னை அழைத்தார்கள்.

நான் செய்வது வரிசைகளை ஆராயும் வேலை. எத்தனை பேர் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள், ஒருவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, அந்த நேரம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, எங்கே எவ்வளவு தேங்கும் என்று சொல்வது. 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஆக்னர் எர்லாங், எத்தனை இணைப்புகள் வைத்தால் அழைப்புகள் தடைபடாமல் போகும் என்று கணக்கிடத் தொடங்கிய துறை. கருவிகள் பழையவைதான். இந்த நிகழ்வில் புதிய சூத்திரம் எதுவும் பயன்படவில்லை.

தலைகளை எண்ணியது

முதல் இரண்டு நாள் எதையும் கணக்கிடாமல் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பிறகு செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாட்கள், இரண்டு பயிற்சி மாணவர்களை வைத்துக்கொண்டு 10 நிமிடத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணினோம். வாசலில் நிற்பவர்கள், மேசை முன் நிற்பவர்கள், உள்ளே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கணக்கில் உண்டு. யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.

எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் நிறுவிய ஒரு விதி: காத்திருப்போரின் சராசரி எண்ணிக்கை என்பது, வருகை வீதத்தைச் சராசரிக் காத்திருப்பு நேரத்தால் பெருக்கினால் வருவது. யார் எந்த வரிசையில் போனார், வேலை நேரம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் அந்த விதிக்குத் தேவையில்லை. எனவே தலைகளை எண்ணிவிட்டால் ஒருவர் கையிலும் கடிகாரம் கட்டாமலே காத்திருப்பு நேரம் கிடைத்துவிடும். கணினி சொல்வதைக் கணினியைக் கேட்காமலே சரிபார்க்க இதைவிடச் சுலபமான வழியை நான் கண்டதில்லை.

ஒரு நாளைக்குச் சராசரியாக 160 பேர் வந்தார்கள், அதாவது மணிக்கு 40. எந்த நேரத்திலும் காத்திருந்தவர்களின் சராசரி 24. 24-ஐ 40-ஆல் வகுத்தால் 0.6 மணி நேரம், 36 நிமிடம். திரை சொன்னது 11.

இரண்டுமே பொய் இல்லை. திரையின் கடிகாரம் டோக்கன் அச்சாகும் நொடியில் ஓடத் தொடங்குகிறது. டோக்கன் வாங்குவதற்காக வாசலில் நின்ற 25 நிமிடம் எந்தக் கணினியிலும் இல்லை.

காவலாளியின் நோட்டு

வாசல் வரிசையைப் பற்றிய நல்ல தகவல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. விடியற்காலையில் வருபவர்களுக்குள் "நான்தான் முதலில் வந்தேன்" என்ற சண்டை வராமலிருக்க, வாசல் காவலாளி ஒரு நோட்டு வைத்திருந்தார். வந்தவர் பெயர், வந்த நேரம். யாரும் சொல்லி அவர் இதைச் செய்யவில்லை. மூன்று மாதப் பதிவு அதில் இருந்தது. அதைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, முதல் பெயர் 6 மணிக்கு முன்பே விழுந்துவிடுகிறது, 7 மணிக்குக் கதவு திறக்கும்போது சராசரியாக 30 பேர் நிற்கிறார்கள் என்று. அந்த 30 பேரும் கதவு திறப்பதற்கு முன் ஆளுக்குச் சராசரியாக 35 நிமிடம் நின்றிருக்கிறார்கள். அதையும் சேர்த்தால் மொத்தச் சராசரி 36-லிருந்து 43 நிமிடத்தை ஒட்டிப் போய்விடும். "ஒரு மணி நேரம்" என்ற புகார் பலருக்கு அப்பட்டமான உண்மை.

திறந்தபின் வருகை இப்படி இருந்தது: 7 முதல் 8 வரை மேலும் 40 பேர், 8 முதல் 9 வரை 45, அடுத்த மணியில் 27, கடைசி மணியில் 18.

இப்போது வேலை நேரம். ஒருவருக்கு இரத்தம் எடுக்கச் சராசரி 4 நிமிடம். மூன்று நாற்காலிக்கு மணிக்கு 45 பேர். பதிவு மேசையில் சராசரி 75 விநாடி, மணிக்கு 48 பேர். ஆனால் மேசையின் 75 விநாடி என்பது வெறும் சராசரிதான். நான்கில் மூன்று பேருக்கு 45 விநாடியில் முடிந்துவிடும். நான்காவது ஆளுக்கு 165 விநாடி. காரணத்தை எழுத்தரே சொன்னார். சில பிரிவுகளிலிருந்து வரும் சீட்டில் நோயாளி எண் இருக்காது. அவர் அந்தப் பிரிவுக்குப் போன் செய்து, யாராவது எடுத்து, தேடிச் சொல்லும்வரை வரிசை அப்படியே நிற்கும்.

எங்கே அடைக்கிறது

நான்கு மணி நேரத்தில் நாற்காலிகளால் 180 பேருக்கு எடுக்க முடியும், வருவது 160. மேலோட்டமாகப் பார்த்தால் போதுமானது. நிர்வாகத்தின் பழைய கணக்கும் இதுதான், அது எங்கே தவறியது என்பது முக்கியம்.

முதலாவது, 160 பேரும் நாலு மணி நேரத்தில் சீராகப் பரவி வருவதில்லை. நாற்காலிகளை மட்டும் வைத்துப் பார்த்தாலே, 8 மணிக்குள் 70 பேர் வந்துவிடுகிறார்கள், 45 பேர்தான் முடிகிறார்கள், 25 பேர் பாக்கி. அடுத்த மணி நேரத்தில் வருவதும் 45, முடிவதும் 45, எனவே அந்த 25 பேர் குறைவதே இல்லை. 10 மணிக்குப் பிறகுதான் வரிசை கரைகிறது. காலையில் விழுந்த கடன் மூன்று மணி நேரத்துக்குப் பின் வருபவரையும் பிடிக்கிறது.

இரண்டாவது, மேசையும் நாற்காலிகளும் கிட்டத்தட்ட ஒரே வேகம். மணிக்கு 45 பேர் வரும்போது 48 பேரைத்தான் பார்க்க முடிகிற ஒரு மேசை 94 விழுக்காடு பிஸியாக இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் ஒழுங்கில்லாமல் வரும், வேலை நேரமும் ஒழுங்கில்லாமல் இருக்கும் இடத்தில், பயன்பாடு 100-ஐ நெருங்க நெருங்கக் காத்திருப்பு நேர்கோட்டில் ஏறுவதில்லை, செங்குத்தாக ஏறுகிறது. இந்த மேசையின் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். வாசலில் முன்கூட்டியே யாருமே நிற்காவிட்டாலும், இதே வீதம் நீண்ட நேரம் நீடித்தால் 75 விநாடி வேலைக்குச் சராசரி 14 நிமிடக் காத்திருப்பு வரும். இதைப் பிரிவின் பொறுப்பாளரிடம் காட்டியபோது, "அந்தப் பெண் ஒரு நிமிடம்கூட சும்மா இருப்பதில்லையே, அப்புறம் எப்படி?" என்றார். சும்மா இருக்க நேரமே இல்லாததால்தான் வரிசை என்பதை அவர் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது.

மூன்றாவது, டோக்கனில் அச்சான அந்த எழுத்து. ஒருவருக்கு நரம்பு கிடைக்காமல் அ நாற்காலியில் 10 நிமிடம் இழுத்தால், அ டோக்கன்காரர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள், பக்கத்தில் இ நாற்காலி காலியாக இருக்கும். ஐந்து நாட்களில் நாங்கள் எடுத்த 120 எண்ணிக்கைகளில் 22-ல் இந்தக் காட்சி இருந்தது.

நான்காவது, சின்ன விஷயம்போலத் தெரிந்தது. 7 மணிக்குக் கதவு திறந்தாலும் முதல் ஊசி சராசரியாக 7 நிமிடம் தாமதமாகத்தான் போனது. தட்டுகளில் குழாய்களை அடுக்குவது, லேபிள் உருளையை மாற்றுவது போன்றவை அந்த நேரத்தில் நடந்தன. வரிசை இடைவிடாமல் 10 மணிக்கு மேலும் நீள்வதால், தொடக்கத்தில் இழந்த 7 நிமிடத்தை ஒருவரும் ஈடுகட்ட முடியாது. வரிசை கரையும்வரை வருகிற ஏறக்குறைய 147 பேரும் ஆளுக்கு 7 நிமிடம் கூடுதலாக நிற்கிறார்கள். கூட்டினால் ஒரு நாளைக்கு 17 மணி நேரம். அதே 7 நிமிடம் 10:40-க்குப் போயிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்காவது நாற்காலியை நிறுத்திவைக்கச் சொன்னேன். காரணம் எளிது. மொத்தக் காத்திருப்பான 36 நிமிடத்தில் நாற்காலிக்கான காத்திருப்பு 11 நிமிடம்தான். எத்தனை நாற்காலி போட்டாலும் அதற்கு மேல் குறையாது. மேசையிலிருந்து மணிக்கு 48 பேருக்கு மேல் உள்ளே வரவே முடியாது. ஓர் ஆளின் சம்பளத்தைக் கொடுத்து, உள்ளே நாற்காலிகளைக் காலியாக வைத்து, வாசலில் அதே கூட்டத்தை நிற்க வைத்திருப்போம்.

பதிலாக நான்கு மாற்றங்கள். ஒவ்வொன்றாக, இடையில் எண்ணிப் பார்த்துக்கொண்டு. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமையில் செய்துவிடலாம் என்று மேலாளர் விரும்பினார். அப்படிச் செய்தால் எது வேலை செய்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது என்பதால் மறுத்தேன். மறுத்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே வரிசை

முதல் வாரம் டோக்கனிலிருந்து நாற்காலி எழுத்தை எடுத்தோம். எந்த நாற்காலி காலியானாலும் அடுத்த எண்.

பாடப்புத்தகக் கணக்கில் இதன் பலன் பிரமாதம். நாற்காலிகள் 80 விழுக்காடு பிஸியாக இருக்கும் சீரான நிலையில், 4 நிமிட வேலைக்கு மூன்று தனி வரிசைகளில் சராசரி 16 நிமிடம் காத்திருக்க வேண்டும், ஒரே வரிசையில் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். இந்தக் கணக்கை எல்லோருக்கும் உற்சாகமாகக் காட்டிவிட்டேன். நடந்தது என்ன? தலைகளின் சராசரி 24-லிருந்து 23 ஆனது. அவ்வளவுதான். திரையில் 11 என்பது 8 ஆனது.

ஏனென்றால் அந்தக் கணக்கு சீரான வருகைக்கானது. இங்கே வரிசையின் பெரும்பகுதி ஏற்ற இறக்கத்தால் வந்ததில்லை, காலையில் கொட்டிய கூட்டத்தால் வந்தது, அதுவும் மேசைக்கு வெளியே நின்றது. உள்ளே எவ்வளவு புத்திசாலித்தனமாக ஒழுங்கு செய்தாலும் வெளியே இருப்பவருக்கு அது தெரியப் போவதில்லை. எனக்கு இது தெரியாததில்லை. ஆனாலும் எளிதில் விளங்கும் கணக்கைக் காட்டும் ஆசை யாரை விட்டது.

இன்னொரு பக்கவிளைவு டெக்னீஷியன்களிடமிருந்து வந்தது. முன்பு தன் வரிசையை முடித்துவிட்டு ஒருவர் மூச்சு விடலாம். இப்போது "வேகமாக எடுப்பவருக்கே வேலை அதிகம்" என்ற நிலை. மூவரில் நரம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர் ஒருவர். குழந்தைகளும் முதியவர்களும் அவரிடமே தள்ளப்பட்டார்கள், எண்ணிக்கையிலும் அவரே முதலிடம். இரண்டாம் வாரம் அவர் வெளிப்படையாகவே வேகத்தைக் குறைத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மணிக்கு ஒருமுறை கடினமான கேஸ்களை மாற்றி மாற்றி எடுப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்த பிறகு நிலைமை சீரானது.

இரண்டாவது மேசை, சிவந்த திரை

மூன்றாம் வாரம், கோப்பறையிலிருந்து ஓர் எழுத்தரை 7 முதல் 9 வரை மட்டும் இரண்டாவது பதிவு மேசையில் உட்கார வைத்தோம். வாசல் வரிசை அன்றைக்கே கரைந்தது. காவலாளி சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவைத்தார்.

அன்று மாலை மேலாளரிடமிருந்து போன். திரை 28 நிமிடம் காட்டுகிறது, சிவப்பு நிறத்தில். "எட்டாக இருந்ததை இருபத்தெட்டாக்கி விட்டீர்களே!"

இந்த நிகழ்வில் இதைத்தான் பிறர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மேசை அடைப்பு நீங்கியதும் அடைப்பு நாற்காலிகளுக்கு நகர்ந்தது. வாசலில் கடிகாரமில்லாமல் நின்ற அதே கூட்டம் இப்போது உள்ளே, டோக்கனோடு, கடிகாரம் ஓட உட்கார்ந்திருந்தது. தலைகளின் சராசரி 23-லிருந்து 22 ஆகக் குறைந்திருந்தது. மொத்தக் காத்திருப்பு 33 நிமிடம்: வாசலில் 5, உள்ளே 28. அதாவது நிலைமை கொஞ்சம் மேம்பட்டது, அளவுகோல் பல மடங்கு மோசமானது. நோயாளிகளுக்கோ பெரிய ஆறுதல், நிற்பதற்குப் பதில் உட்கார்ந்திருக்கிறார்கள், எண் கையில் இருக்கிறது, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரிகிறது. அந்த வாரம் புகார் பாதியானது. நிர்வாகத்தின் கவலை இரட்டிப்பானது.

இது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். என் விரிதாளில் அந்த எண் இருந்தது. ஆனால் முன்கூட்டியே யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த எழுத்தரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், வாசல் கூட்டம் திரும்பி வந்தது, திரை மறுபடி பச்சையானது. மூன்றாம் நாள் தலை எண்ணிக்கை வரைபடத்தோடு மேலாளர் அறைக்குப் போய், அவரை 7:15-க்கு வாசலுக்கு வந்து பத்து நிமிடம் நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். வந்தார். நின்றார். எழுத்தர் திரும்பி வந்தார்.

நேரத்துக்குத் தொடங்குவதும் சீட்டில் இருந்த ஒரு வரியும்

நான்காம் வாரம் தட்டுகளை முந்தைய நாள் மதியமே அடுக்கி வைக்கும் வழக்கம் வந்தது. முதல் ஊசி 7 மணிக்கே போனது. வேறு எதுவும் மாறவில்லை. தலைகள் 22-லிருந்து 18, மொத்தக் காத்திருப்பு 27 நிமிடம். செலவில்லாத மாற்றங்களில் இதுதான் அதிகம் கொடுத்தது.

அடுத்து, 7 மணிக்கு ஏன் 30 பேர் நிற்கிறார்கள் என்ற கேள்வி. விடை சீட்டின் அடியிலேயே அச்சாகியிருந்தது: "காலை 7 மணிக்கு வெறும் வயிற்றில் வரவும்." எல்லாச் சீட்டிலும். ஐந்து நாட்களின் 800 சீட்டுகளைப் பார்த்ததில் வெறும் வயிறு தேவைப்பட்ட பரிசோதனை உள்ளவை 330 மட்டுமே. முழு இரத்த எண்ணிக்கைக்கோ மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கோ பட்டினி தேவையில்லை. யாரோ எப்போதோ ஒரே வார்ப்புருவில் போட்ட வரி, பாதிக்கு மேற்பட்டவர்களைக் காரணமே இல்லாமல் பசியோடு ஒரே நேரத்துக்குக் கூட்டி வந்துகொண்டிருந்தது. மருத்துவர்களோடு பேசி, தேவையில்லாத பரிசோதனைகளுக்கு "சாப்பிட்டுவிட்டு வரலாம், 9 மணிக்குப் பின் கூட்டம் குறைவு" என்று மாற்றினோம். சீட்டில் நோயாளி எண்ணையும் கட்டாய இடமாக்கினோம்.

நேர ஒதுக்கீடு, இரண்டு வாரத் தோல்வி

கூடவே கால் மணி நேர முன்பதிவும் தொடங்கியது. நாற்காலிகள் கால் மணியில் 11 பேரை முடிக்கும் என்றாலும் 6 பேருக்கு மட்டுமே முன்பதிவு கொடுத்தோம், மிச்சம் நேரடியாக வருபவர்களுக்கு. முதல் கால் மணிக்கு மட்டும் 8. மருத்துவமனை முன்பதிவுகளைப் பற்றி 1952-ல் எழுதிய நார்மன் பெய்லி, தொடக்கத்தில் இருவரை வைத்துவிட்டுப் பிறகு சராசரி வேலை நேர இடைவெளியில் மற்றவர்களை அழைக்கலாம் என்றார். தொடக்கத்தில் பணியாளர் சும்மா உட்காராமலிருக்க ஒரு சிறு கையிருப்பு. அதே யோசனைதான்.

இரண்டு வாரம் அது வேலை செய்யவில்லை. 9:15-க்கு முன்பதிவு செய்தவர் 6:40-க்கே வந்து நின்றார். கேட்டால், "எதற்கும் முன்னாடி வந்துவிடுவது நல்லது இல்லையா?" அவர் சொன்னதில் தவறில்லை. டோக்கன் இன்னும் வந்த வரிசைப்படியே அச்சானது. 9:15-க்குச் சரியாக வந்தவருக்கு அதுவரை வந்த எல்லோருக்கும் பின்னால்தான் இடம். சொன்ன நேரத்துக்கு வருபவரை அமைப்பே தண்டித்தது, முன்னால் வந்தவரைப் பாராட்டியது. அப்படியிருக்க யார் நேரத்துக்கு வருவார்கள்?

மூன்றாவது வாரம் விதியை மாற்றினோம்: தன் கால் மணிக்குள் வந்த முன்பதிவுக்காரர் அடுத்த காலி நாற்காலிக்கு, முன்பே வந்தவர் தன் நேரம் வரும்வரை பொறுக்க வேண்டும். முதல் மூன்று நாள் வாசலில் வாக்குவாதம். காவலாளிதான் சமாளித்தார், அதுவும் தன் நோட்டைக் காட்டி. பிறகு செய்தி பரவியது. பத்து நாளில் 7 மணிக் கூட்டம் 30-லிருந்து 14-க்கு வந்தது.

விளைவு

பத்தாம் வாரம் மறுபடி ஐந்து நாட்கள் எண்ணினோம். நாளொன்றுக்கு வந்தவர்கள் அதே 160. திறக்கும்போது 14, பின் மணிவாரியாக 36, 42, 40, 28. காத்திருப்போரின் சராசரி 8. அப்படியென்றால் 12 நிமிடம்.

நோயாளி எண் இல்லாத சீட்டுகள் நான்கில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைந்ததால் பதிவு மேசையின் சராசரி 75 விநாடியிலிருந்து 57 ஆனது. மணிக்கு 63 பேர். அதன் பிறகு இரண்டாவது எழுத்தர் தேவைப்படவில்லை, கோப்பறைக்கே திரும்பினார். அவருக்காக நாங்கள் போட்ட சண்டையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல முடியாது. முன்பு 10 மணிக்குப் பின் டெக்னீஷியன்களுக்குக் கிடைத்த ஓய்வு நேரம் உண்மையில் ஓய்வில்லை. அப்போதுதான் அவர்கள் மாதிரிகளைப் பிரித்து, பட்டியலிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வருகையைப் பரப்பியபோது அந்த நேரத்தையும் சேர்த்து நிரப்பிவிட்டோம். முடிவுகள் மதியம் வர வேண்டியவை தாமதமாகின. ஆய்வகத்திலிருந்து புகார் வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. 9:30 முதல் 10:30 வரை ஓர் உதவியாளரை மாதிரிகளை அனுப்பும் வேலைக்கு வைத்து அதைச் சரிசெய்தார்கள். காலியாகத் தெரிந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்காமலே அதைக் கணக்கில் 'மிச்சம்' என்று போட்டது என் பிழை.

திங்கட்கிழமை வேறு கதை. விடுமுறைக்கு அடுத்த நாள் என்பதால் 195 பேர் வரை வருகிறார்கள், நாற்காலிகளின் திறன் 180. வருகை திறனைத் தாண்டிய இடத்தில் வரிசையை எப்படி ஒழுங்கு செய்தாலும் அது வளரத்தான் செய்யும். என் ஐந்து நாள் எண்ணிக்கையில் திங்கள் இல்லை. செவ்வாயில் தொடங்கியது என் வசதிக்காக. நிர்வாகம் முதலில் கேட்ட நான்காவது நாற்காலி திங்கட்கிழமைகளில் மட்டும் நியாயமானது. அது இப்போது 7 முதல் 9 வரை, வார்டிலிருந்து மாற்றுப்பணியில் வரும் ஒருவரோடு இயங்குகிறது.

மறுபடி செய்வதானால்

முதல் நாளே காவலாளியிடம் போயிருப்பேன். எண்ணும் வாரத்தில் திங்கட்கிழமையைக் கட்டாயம் சேர்த்திருப்பேன். இரண்டாவது மேசை போடும் முன், திரையில் எண் எவ்வளவு ஏறும் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த ஒரு தாள் இருந்திருந்தால் எழுத்தர் இரண்டு நாள் அலைந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக மாற்றுவதன் விலை என்று மேலே சொன்னது இதைத்தான். இடைப்பட்ட நிலைகள் சில, தொடக்கத்தைவிட மோசமாகத் தெரியும், அவற்றைக் கடக்கும் பொறுமை தாளில் எழுதி வாங்கப்பட்டிருக்க வேண்டும். முன்பதிவில், முன்னுரிமை விதியை முதல் நாளிலிருந்தே வைத்திருப்பேன்.

திரையின் கடிகாரம் இன்னமும் டோக்கனில்தான் தொடங்குகிறது. மென்பொருளை மாற்றக் கேட்டிருக்கிறார்கள். அதுவரை மாதத்தின் முதல் திங்களும் புதனும் ஒரு பயிற்சி மாணவர் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தலைகளை எண்ணி, காவலாளியின் நோட்டிலேயே எழுதி வைக்கிறார்.